மூன்று சுழிக்கு இடம் விடுங்கள்

திருநெல்வேலி வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்துக்குள் திரும்பும் பஸ்ஸின் நெற்றியைப் பாருங்கள். ‘தென்காசி’ என்றால் போர்டில் இடம் தாராளம். ‘அம்பாசமுத்திரம்’ என்றால் அதே அகலத்தில் ஒன்பது எழுத்தை அடக்கியாக வேண்டும். எழுத்தைச் சின்னதாக்கினால் தூரத்தில் தெரியாது. உயரத்தை விட்டுக்கொடுக்காமல் அகலத்தை ஒடுக்கி, கோட்டைத் தடிமனாகப் போடுவதுதான் வழி.

போர்டு 90 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். எழுத்துக்கு 10 செ.மீ. கிடைக்கும். அகலமும் உயரமும் சமம் என்றால் உயரமும் 10தான். அகலத்தை உயரத்தில் 60 சதவீதமாக ஒடுக்கினால் உயரம் 16 செ.மீ.யைத் தாண்டிவிடும்.

சரி, எவ்வளவு தடிமன்? ஒரு பாகையை 60 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு கோணம் வரை நல்ல கண் பிரித்தறியும். 50 மீட்டர் தூரத்தில் அது சுமார் 1.5 செ.மீ. மெல்லிய கோடுதான் முதலில் மறையும். அதனால்தான் இந்த எழுத்துகளில் கோடு எங்கும் ஏறக்குறைய ஒரே தடிமனில் ஓடுகிறது. கோடுகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்துக்கும் அதே 1.5 செ.மீ. வேண்டும். அங்கேதான் தமிழுக்குச் சிக்கல்.

ஆங்கிலத்தில் இப்படி ஒடுங்கித் தடித்த எழுத்து வகைக்குப் பேர்போனது, ஜெஃப்ரி லீ வடிவமைத்து 1965இல் வெளிவந்த ‘இம்பாக்ட்’ எழுத்துரு. கோடுகள் கொழுத்து, எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் வெறும் கீற்றாகிவிடும். நிமிர்ந்த கோடுகள் அதிகம் என்பதால் ஆங்கிலம் அதைத் தாங்குகிறது. நம் ‘வண்ணார்பேட்டை’யில் மூன்று சுழி ண இரண்டு தடவை வருகிறது. ஒரு சுழி அடைந்துபோனால் அது ன ஆகிவிடும். அப்புறம் கொக்கியும் புள்ளியும் வாலும் உயரத்திலும் பங்கு கேட்கின்றன. ஆங்கிலப் பெரிய எழுத்து போர்டின் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை நிற்கலாம். ‘திருநெல்வேலி’க்கோ தி, லி இரண்டுக்கும் மேலே கொக்கி, ல் மீது புள்ளி, ரு-வுக்குக் கீழே வால். நடுவில் மிஞ்சுவதுதான் எழுத்தின் உடம்பு.

ஃபிளெக்ஸ் அடிக்கும்போது சாதாரண ஃபாண்டை மவுஸால் பக்கவாட்டில் நெருக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். 60 சதவீதத்துக்கு நெருக்கினால் நிமிர்ந்த கோடும் 60 சதவீதமாக இளைத்துவிடும். படுக்கைக் கோடு அப்படியே கனமாக நிற்கும். உண்மையான ஒடுங்கிய எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தையும் புதிதாக வரைவார்கள். நிமிர்ந்த கோட்டின் கனத்தைக் காப்பாற்றி, வட்டச் சுழியை முட்டை வடிவமாக்கி, கோடுகள் கூடும் மூலையில் மட்டும் சற்று மெலிய வைப்பார்கள். இல்லாவிட்டால் அந்த மூலை கரும்புள்ளியாகத் திரண்டுவிடும். இப்படி ஒடுங்கிய வடிவங்கள் ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ எழுத்துருவில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பிரஷ் பிடித்த பெயின்டர்கள் இதைக் கையாலேயே செய்தார்கள். சின்ன வயதில் டவுனில் ஒருவர் சாக்பீஸால் கோடு போடுவதைப் பார்த்திருக்கிறேன். எல்லா எழுத்துக்கும் அவர் சமமாக இடம் பிரிக்கவில்லை. ‘அம்பாசமுத்திரம்’ எழுதும்போது துணைக்காலையும் ர-வையும் முதலில் ஒட்ட நெருக்கினார். அதில் மிச்சமான இடத்தை அ-வுக்கும் மு-வுக்கும் கொடுத்தார்.