ஷேக்கரைக் குலுக்க அரை மணி நேரக் கெடு உண்டா?

கல்லூரியில் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜிம் முடிந்து பஸ் பிடித்து வீடு சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது சார். அரை மணி நேரத்துக்குள் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) உள்ளே போகாவிட்டால் தூக்கின வெயிட் எல்லாம் வீண் என்கிறார் மாஸ்டர். ஷேக்கரைப் பையிலேயே வைத்துக்கொள்ளவா?"

வைத்துக்கொள்ளலாம் தம்பி. வைக்காவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. ஏன் என்று புரிய, தசைச் செல்லுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

சாப்பிட்ட புரதம் அமினோ அமிலங்களாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது என்பது பள்ளிப் பாடம். அந்த 20 அமினோ அமிலங்களில் 9 நம் உடலால் செய்துகொள்ள முடியாதவை. அவற்றில் ஒன்று லூசின். மற்றவை எல்லாம் பெரும்பாலும் செங்கல்தான். லூசின் செங்கலாகவும் இருக்கும், "சரக்கு வந்துவிட்டது" என்று தகவலும் சொல்லும்.

தகவல் போய்ச் சேரும் விதம் அவ்வளவு அழகு. செல்லுக்குள் எம்டார் என்றொரு நொதி இருக்கிறது. அது விழித்தால்தான் செல்லின் புரதப் பட்டறைகளான ரைபோசோம்கள் முழு வேகத்தில் புதுப் புரதம் கட்டும். புரதம் கட்டுவது செல்லுக்குப் பெரிய செலவு. அதனால் எம்டாரைச் சும்மா விட்டுவைப்பதில்லை. கேட்டர்-1 என்ற புரதக் கூட்டு அதை அடக்கி வைத்திருக்கிறது. கேட்டர்-1-ஐ அடக்க வல்லது கேட்டர்-2. ஆனால் அந்தக் கேட்டர்-2-இன் கையைச் செஸ்ட்ரின்-2 என்ற இன்னொரு புரதம் இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. செஸ்ட்ரினின் உடலில் ஒரு சின்னக் குழி. லூசின் கச்சிதமாக அதில் உட்கார்ந்ததும் செஸ்ட்ரின் பிடியை விடுகிறது. கை விடுபட்ட கேட்டர்-2 போய்க் கேட்டர்-1-ஐ அடக்க, எம்டார் நகர்ந்து, செல்லின் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமின் மேற்பரப்பில் ஒட்டி விழித்துக்கொள்கிறது. லூசின் எம்டாரை நேராகத் தட்டி எழுப்புவதில்லை. அடக்குபவரை அடக்குவதுதான் எழுப்புவது! செல் வளர்ப்புகளில் இந்தப் பிடியும் குழியும் 2016-இல்தான் தெளிவாகத் தெரியவந்தன. முதன்முதலாகப் படித்தபோது நான் தாளில் படம் போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

எம்டார் என்ற பெயரில் ஈஸ்டர் தீவின் மண் ஒட்டியிருக்கிறது. 1964-இல் கனடாவிலிருந்து கிளம்பிய மருத்துவக் குழு அங்கே மண் மாதிரிகள் எடுத்து வந்தது. அந்த மண்ணில் இருந்த பாக்டீரியா செய்யும் ஒரு பொருளை மான்ட்ரியலில் சுரேந்திரநாத் சேகல் பிரித்தெடுத்தார். தீவின் உள்ளூர்ப் பெயரான ராபா நூயியை வைத்து ராபமைசின் என்று பெயரானது. 1980-களின் தொடக்கத்தில் அவர் வேலை பார்த்த நிறுவனம் அந்த ஆய்வுக்கூடத்தை மூடியபோது, சேகல் அந்தப் பொருளைத் தன் வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். 1999-இல் அது சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு மருந்தாக வந்தது. ராபமைசின் போய்த் தாக்கும் இலக்கு எது என்று தேடியபோது கிடைத்ததுதான் எம்டார்; பெயரில் உள்ள 'டார்', 'ராபமைசினின் இலக்கு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். "இதனால் என்ன லாபம்?" என்று முதல் நாளே கேட்டிருந்தால் அந்த மண்ணை யாரும் அள்ளியிருக்கவே மாட்டார்கள். நிதி ஒதுக்குபவர்கள் இந்தக் கதையை அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும்.

2009-இல் ஒரு சோதனையில் இளைஞர்களுக்கு எம்டாரை முடக்கும் ராபமைசினைக் கொடுத்துவிட்டு எடைப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். பயிற்சிக்குப் பின் வழக்கமாக உயர வேண்டிய தசைப் புரத உற்பத்தி உயரவில்லை. அதாவது லூசின் மட்டுமல்ல, வெயிட் தூக்குவதும் கடைசியில் தட்டுவது இதே கதவைத்தான்.

சரி, கெடுவுக்கு வருவோம். பயிற்சி செய்த தசை லூசினுக்குக் காது கொடுப்பது அரை மணி நேரத்தில் நின்றுவிடுவதில்லை. 24 மணி நேரம் கழித்துக் குடித்த புரதத்துக்கும் அது கூடுதலாகவே செவிசாய்க்கிறது. ஜிம்முக்கு முன் சாப்பிட்ட உணவும் பயிற்சி முடியும்போது செரித்துக்கொண்டுதான் இருக்கும். 2013-இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, உடனே குடித்தவர்களுக்குக் கிடைத்ததாகத் தெரிந்த பலன், அவர்கள் நாள் முழுக்க அதிகப் புரதம் சாப்பிட்டதால் வந்ததே என்று தெரிந்தது. காலையில் வெறும் வயிற்றோடு போகிறவர் மட்டும் முடிந்ததும் தாமதிக்காமல் சாப்பிடுவது நல்லது.

எவ்வளவு? இளைஞருக்கு ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 0.24 கிராம், வயதானவருக்கு 0.4 கிராம் என்பது 2015-இல் வந்த கணக்கு. வயதாக ஆக தசைக்குக் காது மந்தமாகிவிடுகிறது. நம் அப்பா அம்மாவின் தட்டில்தான் புரதம் கூட வேண்டும், அங்கேதான் குறைகிறது என்பது என் ஆதங்கம். ஒரு வேளைக்கு அந்த அளவுக்கு மேல் சாப்பிட்டால் எல்லாம் வீண் என்றும் சொல்ல முடியாது. 2023-இல் பயிற்சிக்குப் பின் ஒரே மடக்கில் 100 கிராம் பால் புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் அதை நிதானமாக 12 மணி நேரத்துக்கும் மேலாகப் பயன்படுத்திக்கொண்டது. ஆகவே முக்கியம் நாள் கணக்கு. 49 ஆய்வுகளைச் சேர்த்த 2018-ஆம் ஆண்டு அலசலில், நாளொன்றுக்குக் கிலோவுக்கு சுமார் 1.6 கிராமுக்கு மேல் சராசரியாகக் கூடுதல் பலன் தெரியவில்லை. 60 கிலோ இருப்பவருக்கு 96 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

கடையில் தனியாக விற்கும் பி.சி.ஏ.ஏ. (கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள்) பொடிக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். அதில் லூசின் உண்டு, கூட இரண்டு அமிலங்கள் உண்டு, உடலால் செய்ய முடியாத ஒன்பதில் மற்ற ஆறு கிடையாது. மேஸ்திரி விசில் அடித்து ஆட்கள் வந்து நிற்கிறார்கள், செங்கல் மட்டும் வரவில்லை என்றால் சுவர் எப்படி எழும்பும்? 2017-இல் பி.சி.ஏ.ஏ. மட்டும் கொடுத்தபோது தசைப் புரத உற்பத்தி 22 சதவீதம்தான் உயர்ந்தது. அதே அளவு பி.சி.ஏ.ஏ. அடங்கிய வே புரோட்டீனுக்கு முன்பு கிடைத்த உயர்வில் அது ஏறக்குறைய பாதி.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் வே, பால், முட்டைதான். சுண்டலும் பருப்பும் சாதமும் சாப்பிடும் உடம்பில் இதே கணக்கு எப்படி நிற்கிறது என்று அளக்க நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். டப்பா விற்கும் நிறுவனம் அதைச் செய்யாது.

தம்பி, வீட்டுக்குப் போய் நிதானமாகச் சாப்பிடுங்கள். மூன்று முட்டையில் 18 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் புரதம் கிடைக்கும். முட்டையைப் பச்சையாக உடைத்துக் குடித்தால்தான் சத்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1998-இல் அளந்திருக்கிறார்கள்: வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 91 சதவீதம் செரிக்கிறது, பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். வேகவைத்து, கொஞ்சம் மிளகுத்தூள் போட்டுச் சாப்பிடுங்கள்.