பொன்னாடையும் ராயல்டியும்: செலியா குரூஸின் விருதுப் பட்டியலை ஒரு வழக்கறிஞர் படித்தால்

2024இல் அமெரிக்க நாணயச் சாலை வெளியிட்ட கால் டாலர் நாணயங்களில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், ஒரு கறுப்பினப் பாடகி வாய்நிறையச் சிரித்தபடி பாடிக்கொண்டிருப்பார். உடம்பில் ரும்பா உடை. ஓரத்தில் ‘அசூகார்’ என்ற ஸ்பானியச் சொல். சர்க்கரை என்று பொருள், மேடையில் அவர் எழுப்பும் முழக்கம் அது. செலியா குரூஸ். சல்சா என்னும் லத்தீன் அமெரிக்க ஆடலிசையின் அரசி என்று உலகம் கொண்டாடியவர். அந்த நாணய வரிசையில் இடம்பெற ஒரு நிபந்தனை உண்டு: ஆள் உயிரோடு இருக்கக் கூடாது. 2003 ஜூலை 16 அன்று நியூ ஜெர்சியில் அவர் காலமாகி அப்போது இருபது ஆண்டுகள் கடந்திருந்தன.

நான் பதிப்புரிமை வழக்கறிஞர். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் பாடகர்கள், வாத்தியக்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகள். முதல் சந்திப்பில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். ஷீல்டுகள், கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம், மேடையில் பொன்னாடை வாங்கும் புகைப்படம் எல்லாம் வரிசையாக மேசைக்கு வந்துவிடும். “ஒப்பந்தம் இருக்கிறதா?” என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு இவ்வளவு பேரும் புகழும் இருக்கும்போது பணம் எப்படி வராமல் போகும் என்பது பிள்ளைகளின் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்று விளக்க உள்ளூர்ப் பெயர் எதை எடுத்தாலும் வம்பு. அதனால் செலியாவை எடுத்துக்கொள்கிறேன். பட்டியல் நீளமானது, தேதிகள் எல்லாம் பொதுவெளியில் இருக்கின்றன.

1925 அக்டோபரில் ஹவானாவில் பிறந்தவர். ஆசிரியைப் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் வானொலிப் பாட்டுப் போட்டி ஒன்றில் வென்றார். பரிசு ஒரு கேக். 1950இல் லா சொனோரா மத்தான்சேரா என்ற பெயர்பெற்ற குழுவில் சேர்ந்தார். 1957இல் தங்க இசைத்தட்டு வாங்க நியூயார்க் போனார். கேக்கிலிருந்து தங்கத் தட்டுக்குச் சுமார் பத்து ஆண்டு, நல்ல வேகம்தான். 1960 ஜூலையில் குழுவோடு கச்சேரி செய்ய மெக்சிகோ போனவர் கியூபா திரும்பவில்லை. 1962இல் தாய் இறந்தபோது இறுதிச் சடங்குக்கு வரக் காஸ்ட்ரோ அரசு அனுமதிக்கவில்லை. அவர் பாட்டுக்கும் கியூபா வானொலியில் இடமில்லாமல் போனது. 1990இல் கியூபாவின் குவாண்டனாமோவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் பாடப் போனபோது ஒரு பிடி மண் எடுத்து வந்தார். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் அவரை அடக்கம் செய்தபோது அந்த மண்ணும் கூடவே போனது. எத்தனை பட்டங்கள் குவிந்தாலும் பிறந்த நாட்டின் அரசிடமிருந்து ஒன்றும் வராத பட்டியல் இது. இதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை. என் தொழிலுக்கு உட்பட்டதை மட்டும் பேசுகிறேன்.

பட்டியலைத் தேதிவாரியாகப் படியுங்கள். 1987இல் ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம். 1989இல் யேல் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம். 1990இல் முதல் கிராமி, தாளக் கலைஞர் ரே பரேட்டோவுடன் செய்த ஆல்பத்துக்காக. 1994இல் அதிபர் கிளிண்டன் கையால் தேசியக் கலைப் பதக்கம். தங்க இசைத்தட்டு வாங்கிய 1957க்கும் முதல் கிராமிக்கும் இடையே எத்தனை ஆண்டுகள்! கிராமி கைக்கு வந்தபோது அவருக்கு வயது 64. இடைப்பட்ட காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. இசைக்குழுத் தலைவர் டிட்டோ புவெந்தேயுடன் வரிசையாக ஆல்பங்கள். 1973இல் கார்னகி ஹால் மேடை. 1974இல் ஜானி பாச்சேகோவுடன் செய்த ஆல்பம் விற்பனையில் தங்கத் தகுதி பெற்றது. அதே ஆண்டு ஃபானியா என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் குழுவோடு ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் பெருங்கூட்டத்துக்கு முன் பாடினார். சல்சா என்ற சொல் உலகெங்கும் பரவியதே இந்தக் காலத்தில்தான்.

குறை விருதின் படிவத்தில் இருந்தது. கிராமியில் லத்தீன் இசைக்கென்று தனிப் பிரிவு முதன்முதலில் வழங்கப்பட்டது 1976 விழாவில்தான். பாச்சேகோ ஆல்பம் அதற்கு முந்தையது. அந்தப் பிரிவும் தானாக வந்துவிடவில்லை. லாரி ஹார்லோ போன்ற நியூயார்க் சல்சாக்காரர்கள் கிராமியை வழங்கும் அகாதமியோடு மல்லுக்கு நின்று வாங்கியது. அதன் பிறகும் சல்சா, லத்தீன் பாப், மெக்சிகோ இசை எல்லாம் ஒரே கூடையில் கிடந்தன. 1984 விழாவில்தான் மூன்றாகப் பிரித்தார்கள். பிரிவைத் திறக்கத் தெரிந்தவர்களுக்கு மூடவும் தெரியும். 2011இல் அகாதமி தன் 109 பிரிவுகளை 78ஆகக் குறைத்தபோது லத்தீன் ஜாஸ் காணாமல் போனது. கலைஞர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பிரிவு திரும்பியது. ஆகவே யாராவது “இந்தப் பாடகருக்கு ஒரு விருதுகூட இல்லையே” என்று உதட்டைப் பிதுக்கினால், அவர் பாடிய காலத்தில் அவர் பாடிய இசைக்குப் படிவத்தில் கட்டம் இருந்ததா என்று முதலில் கேளுங்கள்.

நட்சத்திரக் கதை இன்னும் வேடிக்கை. ஹாலிவுட் நடைபாதையில் பெயர் பதிக்க, பரிந்துரைப்பவர் கட்டணம் கட்ட வேண்டும். இன்று அது பல்லாயிரம் டாலர். கௌரவம் சில சமயம் பணம் தராது என்பதோடு நில்லாமல் பணம் கேட்கவும் செய்யும். இதைச் சொல்லும்போது என் கட்சிக்காரர்கள் சிரிக்கிறார்கள். நம் ஊரில் ‘நிகழ்ச்சிச் செலவுக்கு’ என்று கேட்டு விருது தரும் மன்றங்களை அவர்களுக்குத் தெரியும்.

இப்போது பணத்துக்கு வருவோம். செலியாவின் புகழ்பெற்ற பாடல்களை எழுதியவர்கள் வேறு ஆட்கள். கியூபாக்காரர், போர்ட்டோ ரீக்கோக்காரர், அர்ஜென்டினாக்காரர் என்று பலர். அவர் பாடியவர். இந்த வேறுபாட்டின் விலை அமெரிக்காவில் மிக அதிகம். அங்கே சாதாரண ஏ.எம்., எஃப்.எம். வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் அவருடைய வெளியீட்டாளருக்கும் பணம் போகும். பாடியவருக்கு ஒரு காசு கிடையாது. வானொலியில் பாட்டு வருவது பாடகருக்கு இலவச விளம்பரம் என்பது நிலையங்களின் பழைய வாதம். அந்த வாதம் இன்றும் அங்கே செல்லுபடியாகிறது. கைதட்டல் செலியாவுக்கு, வானொலி ராயல்டி எழுதியவருக்கு.

1995இல் ஒரு சட்டம் வந்தது. டிஜிட்டல் ஒலிபரப்பில், அதாவது செயற்கைக்கோள் வானொலி, இணைய வானொலி போன்றவற்றில், பாடியவருக்கும் பங்கு உண்டு என்றது. இதை வசூலித்துப் பிரிக்கும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் 2003இல் தனி அமைப்பானது. செலியா இறந்த ஆண்டு. பிரிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது: 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கு, அதாவது பெரும்பாலும் இசைத்தட்டுக் கம்பெனிக்கு, 45 முதன்மைக் கலைஞருக்கு, 5 கூடப் பாடியவர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும். பாடகரின் பங்கு கம்பெனி வழியாகச் சுற்றி வராமல் நேரே அவர் கணக்குக்குப் போகிறது. கம்பெனி வழியாக வந்தால் முன்பணம், ஒலிப்பதிவுக் கூடச் செலவு என்று கழித்துக் கழித்துக் கடைசியில் பாடகர் கம்பெனிக்குக் கடன்பட்டவராகவே நிற்பார். பல கணக்குத் தாள்களில் பார்த்திருக்கிறேன்.

இதிலும் ஒரு பொறி. 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் அமெரிக்கக் கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு வெளியே இருந்தன. சொனோரா மத்தான்சேராவோடு பாடியவை, டிட்டோ புவெந்தேயோடு பாடியவற்றில் பெரும்பகுதி எல்லாமே அந்தக் கோட்டுக்கு அப்பால். அவற்றுக்கும் டிஜிட்டல் ராயல்டி உண்டு என்று கூட்டாட்சிச் சட்டம் உறுதியாகச் சொன்னது 2018 அக்டோபரில். பாடகி மறைந்து பதினைந்து ஆண்டு. கணவரும் மேலாளருமான பெட்ரோ நைட் 2007லேயே மறைந்துவிட்டார். அப்படிப்பட்ட பணத்துக்கு வாரிசுகளோ அறங்காவலர்களோ விண்ணப்பம் போட்டால்தான் வரும். பதக்கத்தை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ராயல்டி அப்படி வராது.

ஃபானியாவைப் பற்றி ஒரு வார்த்தை. சல்சாவை உலகமெங்கும் விற்ற அந்தக் கம்பெனியை 1964இல் தொடங்கியவர்கள் இருவர்: இசைக்கலைஞர் ஜானி பாச்சேகோ, வழக்கறிஞர் ஜெர்ரி மசூச்சி. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வழக்கறிஞரே முதலாளியாக உட்கார்ந்திருந்தால், இந்தப் பக்கம் உட்கார்ந்த பாடகர் தனக்கும் ஒரு வழக்கறிஞரைக் கூட்டி வந்தாரா என்பதுதான் என் மனத்தில் முதலில் எழும் கேள்வி. மசூச்சி 1997இல் இறந்தார். 2005 முதல் 2018 வரை ஃபானியாவின் பதிவுகள் மூன்று முறை கை மாறின. கடைசியாக வாங்கியது கான்கார்டு நிறுவனம். விற்பவர் யார், வாங்குபவர் யார் என்று பாடியவரின் குடும்பத்தைக் கேட்பதில்லை. ஆனால் பழைய ஒப்பந்தத்தில் ராயல்டி விகிதம் எழுத்தில் இருந்தால், வாங்கியவரிடம் அதைக் காட்டிக் கேட்கலாம். வாய்வார்த்தை என்றால் அது பேசியவரோடு போயிற்று.

எழுதியவர்கள் எல்லாம் சுகமாக இருந்தார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். போர்ட்டோ ரீக்கோவின் டிட்டே கூரெட் அலொன்சோ தபால் துறை ஊழியராக இருந்துகொண்டே சல்சாவின் பெரிய பாடகர்களுக்கெல்லாம் பாட்டு எழுதியவர். செலியாவும் அவர் பாட்டைப் பாடியிருக்கிறார். அவர் பாடல்களின் உரிமம் வைத்திருந்த நிறுவனத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் கட்டணத் தகராறு மூண்டு, 1990களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் சொந்தத் தீவின் வானொலியிலேயே அவர் பாடல்கள் ஒலிக்கவில்லை. செலியா இறந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில் அவரும் இறந்துவிட்டார். அப்போதும் தகராறு தீரவில்லை. தன் பாட்டைத் தன் ஊரில் கேட்க முடியாதபடி ஒரு தாள் செய்துவிடும். கையெழுத்துப் போடும் முன் யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்த ஊடகத்துக்கு உரிமை தருகிறோம் என்று படிக்கச் சொல்வது அதனால்தான்.

அருங்காட்சியகம் பற்றியும் சொல்ல வேண்டும். இது குடும்பங்கள் யோசிக்காத இடம். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் செலியாவின் உடைகளும் காலணிகளும் இருக்கின்றன. 2005இல் தனிக் கண்காட்சியே வைத்தார்கள். அந்தக் காலணிகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மெக்சிகோவில் ஒரு கைவினைஞர் செய்து கொடுத்தவை: முன்பாதத்தின் அடியில் பெரிய மேடை, குதிகாலின் கீழே ஒன்றுமே இல்லை. குதிகால் காற்றில் நிற்கிறது. அதை மாட்டிக்கொண்டு எழுபது வயதிலும் ஆடினார். ஒரு பொருளை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும்போது பொருள்தான் கைமாறுகிறது. கலைஞரின் உருவத்தையும் பெயரையும் வணிகத்துக்குப் பயன்படுத்தும் உரிமை கூடவே போக வேண்டியதில்லை. கொடைப் பத்திரத்தில் இரண்டையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். அப்பாவின் நாதஸ்வரத்தையோ அம்மாவின் தம்பூராவையோ காட்சிக்குக் கொடுத்துவிட்டு ஒரு ரசீதுகூட வாங்காமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவலா, தானமா என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை.

செலியாவின் பட்டியலில் இறப்புக்குப் பின் வந்தவையும் குறைவில்லை. நோய்க்கு நடுவே 2003இல் பதிவு செய்த கடைசி ஆல்பத்துக்கு அடுத்த ஆண்டு கிராமி. 2011இல் அஞ்சல்தலை. பாச்சேகோவுடன் செய்த அந்த 1974 ஆல்பம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் 2013ஆம் ஆண்டுக்கான தேர்வில் ஏறியது. 2016இல் கிராமியின் வாழ்நாள் சாதனை விருது, வாழ்நாள் முடிந்து பதின்மூன்று ஆண்டு கழித்து. இப்படிச் சொன்னால் கிண்டலாகத் தோன்றலாம். ஆனால் இந்தத் தாமதத்தில் ஒரு நடைமுறைச் செய்தி இருக்கிறது. கலைஞர் போன பிறகும் அவர் பெயரில் அனுமதி கேட்டும் உரிமம் கேட்டும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். அவற்றுக்குப் பதில் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று உயிரோடு இருக்கும்போதே உயிலில் எழுதியிருந்தால் வேலை நடக்கும். இல்லையென்றால் அண்ணன் தம்பிகள் முதலில் என்னிடம் வந்து, பிறகு தனித்தனி வழக்கறிஞர்களிடம் போவார்கள்.

இந்தியாவில் நிலைமை அமெரிக்காவைவிட ஒரு வகையில் மேல். பதிப்புரிமைச் சட்டத்தின் 1994 திருத்தம் பாடுபவர், வாசிப்பவர் போன்றோருக்கான நிகழ்த்துநர் உரிமையைக் கொண்டுவந்தது. 2012 திருத்தம் வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துநருக்கு ராயல்டி உண்டு என்று எழுதிவைத்தது. உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். பாடகர்களுக்கென்று பதிவு பெற்ற ராயல்டி சங்கமும் 2013 முதல் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் உறுப்பினராகச் சேராதவர்கள் என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறார்கள். விருதுக்கு விண்ணப்பம் தயாரித்துத் தர முடியுமா என்று கேட்டு வருகிறார்கள், தருகிறேன். அதே தாள்களை வைத்து ராயல்டிச் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம் போடுவோம் என்றால்தான் தயக்கம்.

வரும்போது கொண்டுவர வேண்டியவை: இசைத்தட்டு அல்லது கேசட்டின் லேபிளில் உள்ள பட்டியல் எண் தெளிவாகத் தெரியும் படம்; ஒப்பந்தம், அது இல்லையென்றால் சன்மானம் வாங்கிய காசோலையின் நகல், வவுச்சர், கடிதம் என்று ஏதாவது ஒன்று; கலைஞர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழும் வட்டாட்சியர் அலுவலகம் தரும் வாரிசுச் சான்றிதழும். அதோடு இன்னொன்று. ஒவ்வொரு பதிவிலும் கூடப் பாடியவர் யார், வயலின் யார், மிருதங்கம் யார் என்று கலைஞர் நினைவோடு இருக்கும்போதே கேட்டு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள். லேபிளில் பெரும்பாலும் அந்தப் பெயர்கள் இருக்காது. அவர்களுடைய பிள்ளைகளும் ஒருநாள் கேட்டு வருவார்கள். அப்போது காட்ட அந்த ஒரு தாள்தான் இருக்கும்.