பிள்ளைகள் உருட்டும் பகடை: பெற்றோர் பார்க்க வேண்டியது எதை?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் வேலூரில் பகலில் பிள்ளைகளை வெளியே விட முடியாது. வீட்டுக்குள் கைப்பேசியும் கணினியும்தான் துணை. விடுமுறை முடியும் நேரத்தில் குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கமிருந்து என் ஆலோசனை அறைக்கு வரும் பெற்றோர், "எந்நேரமும் கேம்தான் சார்" என்கிறார்கள். என்ன விளையாட்டு என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கதாபாத்திரமாக மாறி ஆடும் வீடியோ விளையாட்டுகளுக்கு மூத்தது, 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு. அதன் இருபது முகப் பகடை, 2023இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ என்ற வீடியோ விளையாட்டில் திரையிலேயே உருள்கிறது. காவலாளி பொய்யை நம்புவானா, பூட்டு திறக்குமா என்பதை அதுவே முடிவு செய்கிறது. தோற்றாலும் பெரும்பாலும் கதை வேறு வழியில் நகரும். இப்படி ஆடும் பிள்ளையை நான் தடுக்கச் சொல்வதில்லை. ஏமாற்றத்தைத் தாங்கி அடுத்த வழி தேடுவது நல்ல பழக்கம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அறைக்கு வரும் மாணவர்களிடம் சாதாரணப் பகடை ஒன்றைக் கொடுத்து, விழும் எண்களைத் தாளில் எழுதச் சொல்வேன். பத்துப் பன்னிரண்டு முறை ஆறு விழாமலே போகும். "அடுத்தது கண்டிப்பாக ஆறுதான்" என்று நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டு விழும். முன்பு என்ன விழுந்திருந்தாலும் வாய்ப்பு ஆறில் ஒன்றுதான். இருபது முகப் பகடையை இருபது முறை உருட்டினாலும், இருபது ஒருமுறைகூட விழாமல் போக ஏறத்தாழ 36 சதவீத வாய்ப்பு உண்டு. இதைத் தாளில் தன் கையால் எழுதிப் பார்த்த பிள்ளைக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருப்பதில்லை.

"அடுத்தது விழும்" என்ற அந்த நம்பிக்கையைத்தான் சில விளையாட்டுகள் காசாக்குகின்றன. ‘ஜென்ஷின் இம்பாக்ட்’ என்ற விளையாட்டில் கதாபாத்திரங்கள் குலுக்கலில் கிடைக்கின்றன. அரிதான ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் ஒரு குலுக்கலில் கிடைக்க அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், 90 குலுக்கலுக்குள் ஒன்று உறுதி என்கிறார்கள். அது பிள்ளை விரும்பிய கதாபாத்திரமாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. விளையாடிச் சேர்த்தது தீர்ந்த பிறகு ஒவ்வொரு முயற்சிக்கும் பணம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காக மனம் விடாமல் முயலும். சூதாட்டத்தின் பிடியும் இதுவே. ஜப்பான் 2012இல் இத்தகைய குலுக்கல்களில் ஒருவகையை நிறுத்தியது. பெல்ஜியம் 2018இல் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பணம் கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது.

எனவே எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பகடை தோற்றால் என்ன ஆகிறது என்று காட்டச் சொல்லுங்கள். பணம் கேட்கும் திரை வந்தால், கைப்பேசியில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அன்றே மாற்றுங்கள்; யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் அடிக்க வேண்டாம். அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை மறைக்கத்தான் செய்யும். தூக்கமும் படிப்பும் கெட்டுப்போய், நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.