உதவிச் செவிலியர் படிப்பு: பணம் கட்டும் முன் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் உதவிச் செவிலியராக வேண்டுமென்றால் வழி ஒன்றுதான். செவிலியர் படிப்பையும் பதிவையும் கட்டுப்படுத்தும் தென்னாப்பிரிக்கச் செவிலியர் மன்றம் அங்கீகரித்த கல்லூரியில் ஓராண்டு உயர் சான்றிதழ் படித்துத் தேறி, மன்றத்தின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். 2005ஆம் ஆண்டின் செவிலியர் சட்டப்படி, பதிவு இல்லாதவர் செவிலியர் வேலை செய்வது குற்றம்.

டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் நம் பிள்ளைகள் ஏமாறுவது இந்தப் பதிவில்தான். ‘செவிலியர் பயிற்சி’ என்று பலகை மாட்டியிருக்கும் இடங்கள் சில, வீட்டுப் பராமரிப்பாளர் படிப்பைத்தான் விற்கின்றன. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்க அது உதவலாம். ஆனால் அதை வைத்து மன்றத்தில் பதிய முடியாது. பழைய உதவிச் செவிலியர் படிப்புக்கு 2019க்குப் பிறகு புதிய சேர்க்கையே கிடையாது. இன்றும் அதற்கு ஆள் சேர்ப்பவர் பொய் சொல்கிறார்.

‘எங்களுக்கு அங்கீகாரம் உண்டு’ என்ற பேச்சில் மயங்காதீர்கள். எந்தப் படிப்புக்கு, எந்த வளாகத்துக்கு, எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். மன்றம் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் சேர்க்கப்பட்டவருக்குப் பதிவு கிடைக்காது. கட்டணம் மட்டும் குறையாமல் வாங்கிக்கொள்வார்கள். அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலை மன்றமே தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. கல்லூரி காட்டும் தாளை நம்பாமல் அதைப் பாருங்கள். பயிற்சிக்கான மருத்துவமனையை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வகுப்பு தொடங்கியதும் மாணவியின் பெயர் மன்றத்தில் பயிலுநராகப் பதிவாக வேண்டும். அந்தத் தாள்களை அனுப்புவது கல்லூரியின் வேலை. பதிவு எண் எங்கே என்று கேட்டால், மன்றம் தாமதிக்கிறது என்பார்கள். மன்றத்தைக் கேட்டால், கல்லூரி இன்னும் அனுப்பவில்லை என்று பதில் வரும். மன்றம் இருப்பதோ பிரிட்டோரியாவில். டர்பனிலிருந்து நினைத்தபோது போய்க் கேட்க முடியுமா? ஆகவே அனுப்பியதற்கான ஆதாரத்தை முதல் மாதத்திலேயே எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் எந்த மேசையிலும் செல்லாது.

பெயரையும் சரிபாருங்கள். கோவெண்டர், மூட்லி, பிள்ளை எதுவானாலும் அடையாள அட்டையிலும் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) சான்றிதழிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்கள் திருமணச் சான்றிதழையும் சேர்த்து வையுங்கள். நகல்களுக்குக் காவல் நிலையத்தில் ‘உண்மை நகல்’ என்று இலவசமாகவே முத்திரை போடுவார்கள். ஆனால் விண்ணப்பத்தில் பழைய முத்திரை இருந்தால் திருப்பிவிடுவார்கள், விண்ணப்பிக்கும் நேரத்தில் புதிதாக வாங்குங்கள்.

மெட்ரிக் தேர்ச்சியில் உயர் சான்றிதழ் படிக்க மட்டும் தகுதி பெற்றவர், மூன்றாண்டுச் செவிலியர் டிப்ளமோவுக்கு நேராக விண்ணப்பிக்க முடியாது. தரகர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பணத்துக்கு அரசின் மாணவர் நிதியுதவியான என்ஸ்ஃபாஸை (NSFAS) நம்பித் தனியார் கல்லூரியில் சேராதீர்கள். அந்த உதவி அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுத் தொழிற்கல்லூரிகளுக்கும்தான். குவாசூலு-நட்டால் அரசுச் செவிலியர் கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது ரேண்ட் கேட்டால், ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

தனியார் கல்லூரியில் கட்டணப் பாக்கி இருந்தால், படிப்பு முடித்ததற்கான தாளை மன்றத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவைப்பதும் நடக்கிறது. ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பதிவு எண் வந்த பிறகும் ஆண்டுதோறும் மன்றத்துக்குக் கட்டணம் செலுத்திப் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். டிசம்பர் 31ஐத் தவறவிடாதீர்கள்.