வெட்டிய கட்டியைக் குப்பையில் போடாதீர்கள்

போன வாரம் ஒன்பது வயது லாப்ரடார் ஒன்றைக் கூட்டி வந்தார்கள். விலாவில் இருந்த கட்டியைப் போன வருடம் வேறோர் இடத்தில் எடுத்திருக்கிறார்கள். இப்போது அந்தத் தழும்பின் ஓரத்திலேயே எலுமிச்சை அளவுக்கு மறுபடியும் வந்திருக்கிறது.

"முதலில் எடுத்தது என்ன கட்டி?"

"வெறும் கொழுப்புக்கட்டிதான்னு சொன்னாங்க டாக்டர்."

சோதனைக்கு அனுப்பவில்லை. கட்டி குப்பைக்குப் போய்விட்டது. இந்த மாதத்தில் இது மூன்றாவது நாய்.

தொட்டுப் பார்த்தே கொழுப்புக்கட்டி என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. மென்மையாக இருக்கிறது, தோலுக்கடியில் நகர்கிறது, வலியில்லை என்பதெல்லாம் நாய்களின் தோலில் வரும் மாஸ்ட் செல் புற்றுக்கும் பொருந்தும். அது சில நாள் வீங்கி, சில நாள் வற்றும். வற்றினால் "தானே கரையுது" என்று விட்டுவிடுகிறார்கள். கரையவில்லை. ஊசியால் கொஞ்சம் செல் எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அன்றைக்கே ஒரு துப்புக் கிடைத்துவிடும்.

"வயசான நாய், தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றும் கேட்கிறார்கள். அடுத்த நாய்க்கு ஆகும். சுவிட்சர்லாந்தில் 1955 முதல் 2008 வரை 1.2 லட்சத்துக்கும் அதிகமான நாய்களின் சோதனை முடிவுகளைப் பதிவேடாகத் தொகுத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1963-இல் தொடங்கிய பதிவேட்டில் கட்டிகளை மட்டும் எண்ணவில்லை. வீடுகளில் எத்தனை நாய், பூனை இருக்கின்றன என்றும் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கு இல்லாவிட்டால், ஓர் இனத்துக்குப் புற்று அதிகம் வருகிறதா, அந்த இனத்தையே அதிகம் பேர் வளர்க்கிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அங்கே பதிவான நாய்களை வைத்துச் செய்து 1969-இல் வந்த ஆய்வுதான், முதல் சினைப்பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த பெண் நாய்களுக்கு மார்பகப் புற்று மிகக் குறைவு என்று காட்டியது.

சரி, செய்ய வேண்டியது இவ்வளவுதான். எடுத்த கட்டி, திசுவைக் கெடாமல் வைக்கும் 10 சதவீத ஃபார்மலினில், அதன் அளவைப் போல் பத்து மடங்கு திரவத்தில் மூழ்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், திசு கெட்டுவிடும். சக மருத்துவர்களே, படிவத்தில் "நாய், பெண், கட்டி" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். இனம், வயது, கருத்தடை ஆனதா, உடம்பில் எந்த இடம் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். அது இல்லாத ரிப்போர்ட் எந்தப் பதிவேட்டுக்கும் உதவாது.

வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். பிள்ளை போய்விட்டால், எந்தத் தேதியில், எதனால் என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அன்றைக்கே வேண்டாம். பேச முடிகிற நாளில் சொன்னால் போதும்.