பாஸ்டன் பள்ளியறையும் ஐந்து மாதக் குழந்தையின் பார்வையும்

1834-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கல்வியாளர் பிரான்சன் ஆல்காட் தொடங்கிய பள்ளியில் மனப்பாடத்துக்கு முதலிடம் இல்லை. பிள்ளைகளைத் தம்மைச் சுற்றி உட்காரவைத்து, மனச்சான்று, ஆன்மா ஆகியவை பற்றி அவர் கேள்வி கேட்பார். அவர்கள் சொல்லும் விடைகளை உதவியாளர் எலிசபெத் பீபாடி எழுதிக்கொள்வார். உண்மை குழந்தைக்குள் ஏற்கெனவே இருக்கிறது, ஆசிரியரின் வேலை அதை வெளியே வரவழைப்பதே என்று ஆல்காட் உறுதியாக நம்பினார்.

ஆல்காட்டும் எழுத்தாளர் எமர்சனும் சேர்ந்திருந்த, புலன்களைக் கடந்த உண்மையை மனம் நேரே அறியும் என்று நம்பிய சிந்தனைக் குழுவினரைக் கடந்தநிலைவாதிகள் என்பர். மனம் வெற்றுத்தாள், அதில் எழுதுவது அனுபவமே என்று இங்கிலாந்தின் ஜான் லாக் சொல்லியிருந்ததை அவர்கள் ஏற்கவில்லை. இடம், காலம், காரணம் ஆகியவை அனுபவத்திலிருந்து திரட்டப்பட்டவை அல்ல, அனுபவம் என்ற ஒன்று உண்டாவதற்கே அவை முன்கூட்டி வேண்டும் என்று 1781-இல் ஜெர்மனியின் இம்மானுவேல் கான்ட் வாதிட்டது அவர்களுக்குக் கைகொடுத்தது. ஆனால் அனுபவத்துக்கு அப்பாலுள்ளதை நம்மால் அறிய முடியாது என்று கான்ட் போட்ட எல்லையை அவர்கள் தாண்டினார்கள். 1834-இல் தம்பி எட்வர்டுக்கு எழுதிய கடிதத்தில் எமர்சன் அறிவை இரண்டாகப் பிரிக்கிறார்: மேலான அறிவு வாதிடுவதில்லை, நிறுவுவதில்லை, நேரே காண்கிறது, கீழானது ஒப்பிட்டும் கூட்டியும் வாதாடியும் உழைக்கிறது. நாம் இன்று பகுத்தறிவு என்று போற்றுவது பெரும்பாலும் அவருடைய இந்த இரண்டாவது அறிவுதான்.

மனம் வெற்றுத்தாளா என்பதைச் சோதிக்க, பேசத் தெரியாத குழந்தையிடம் கேட்க வேண்டும். 1992-இல் உளவியலாளர் கேரன் வின் ஐந்து மாதக் குழந்தைகளிடம் அப்படித்தான் கேட்டார். சிறு மேடையில் ஒரு பொம்மை வைக்கப்படுகிறது. திரை எழுந்து அதை மறைக்கிறது. குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கை இன்னொரு பொம்மையைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வெறுமனே திரும்புகிறது. திரை இறங்கும்போது இரண்டு பொம்மைகள் இருந்தால் குழந்தையின் கண் விரைவில் விலகிவிடுகிறது. ஒன்றுதான் இருந்தால் கூடுதல் நேரம் அங்கேயே நிலைக்கிறது, எதிர்பாராததைக் குழந்தைகள் நீண்ட நேரம் பார்ப்பார்கள். இது எண்ணிக்கை அறிவா, பொருள்களைத் தனித்தனியே மனத்தில் பின்தொடரும் திறனா என்ற விவாதம் உண்டு. எதுவாயினும், மறைந்த பொருள் இல்லாமல் போய்விடாது என்பதை யாரும் அக்குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

எலிகளின் மூளையிலிருந்தும் சான்று கிடைத்தது. தலை எத்திசையை நோக்குகிறது என்பதற்கேற்பத் துடிக்கும் நரம்பணுக்கள், குட்டி கூட்டைவிட்டு முதன்முதலாக வெளியே நடமாடத் தொடங்கும்போதே வளர்ந்த எலியில் இருப்பதுபோலச் செயல்படுவதை 2010-இல் வெளியான இரு ஆய்வுகள் காட்டின. இட உணர்வின் அடித்தளத்தில் ஒரு பகுதியாவது உலாவிப் பழகுவதற்கு முன்பே அமைந்துவிடுகிறது. கான்ட் மகிழ்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆனால் நேரே காணும் அறிவை நாம் உள்ளுணர்வு என்கிறோம், அந்தச் சொல்லுக்குள் பிறவியிலேயே அமைந்தது தவிர வேறொன்றும் ஒளிந்திருக்கிறது. உண்மையான சதுரங்க ஆட்டத்தின் ஒரு நிலையைச் சில நொடிகள் மட்டும் காட்டினால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களை நினைவிலிருந்தே வைத்துவிடுவார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் அந்தத் திறன் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. 1973-இல் உளவியல் ஆய்வாளர்கள் சேஸும் சைமனும் வெளியிட்ட இந்த ஆய்விலிருந்து தெரிவது, நொடியில் தோன்றும் அந்தத் தெளிவு பல ஆண்டுப் பழக்கம் சேர்த்துவைத்த வடிவங்களை மூளை அடையாளம் காண்பதுதான் என்பது. உழைப்பு முன்பே முடிந்துவிட்டதால் அது உழைப்பாகத் தோன்றுவதில்லை.

பிறவியில் அமைந்தது, பழக்கத்தால் வந்தது ஆகிய இரண்டும் உள்ளிருந்து தாமே எழுவதுபோல ஒரே உறுதியுடன் வருவதால், எமர்சன் அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. பீபாடியின் ஏட்டில் பதிவான பிள்ளைகளோ வீட்டிலும் தேவாலயத்திலும் ஆன்மாவைப் பற்றிப் பல ஆண்டுகள் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் தயங்காமல் சொன்ன விடைகளில் ஆல்காட் பிறவி ஞானத்தைக் கண்டார். அங்கே பேசியது பெரும்பாலும் சதுரங்க ஆட்டக்காரரிடம் உள்ள அதே பழக்கம்தான்.