வளையம் விழுந்தால் மட்டும் போதுமா?

காயத்துக்குக் கட்ட நாங்கள் செய்யும் மருந்துப் படலத்தை ஒரு துண்டு வெட்டி, பாக்டீரியா பரப்பிய அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் வைத்து, இரவு முழுக்க 37 டிகிரியில் விட்டுவிட்டுக் காலையில் திறப்போம். சுற்றிலும் பாக்டீரியா வளராத தெளிவான வளையம் விழுந்திருந்தால் மாணவர்களுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அங்கேதான் சந்தேகம் ஆரம்பிக்கும்.

காயத்துக்குக் கட்டும் பொருளை ஆன்டிபயாடிக்கில் வெறுமனே ஊறவைத்தால், பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் கசிந்துவிடும். அப்புறம் நாள்கணக்கில் சொட்டும் மிச்சம் கிருமியைக் கொல்லாது, மருந்துக்குப் பழக்கிவிடும். அரைகுறை அளவின் இந்த ஆபத்தைப் பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங் 1945 நோபல் உரையிலேயே சொல்லிவிட்டார். அதனால்தான் மருந்தைப் பாலிமரோடு வேதிப்பிணைப்பால் கட்டிப்போடப் பார்க்கிறோம். இறால், நண்டு ஓட்டிலிருந்து வரும் கைட்டோசான் என்ற பாலிமரில் அமினோ தொகுதிகள் தாராளம். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கில் கார்பாக்சில் தொகுதி இருக்கிறது. இணைத்துவைக்கும் வேதிப்பொருளான கார்போடைஇமைடு சேர்த்தால் இரண்டும் இணையும். தாளில் எழுத எளிதுதான்.

நான் முதலில் செய்தபோது டயாலிசிஸ் பையில் (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை) ஒரே நாள் கழுவினேன். வளையம் பிரமாதமாக வந்தது. தண்ணீரை மாற்றி மாற்றி நான்கு நாள் கழுவியதும் வளையத்தையே காணோம்! பிணையாமல் சும்மா ஒட்டியிருந்த மருந்துதான் அத்தனை வேலையும் செய்திருக்கிறது. இப்போது கார்போடைஇமைடு சேர்க்காத கலவை ஒன்றையும் அதேபோல் கழுவி, பக்கத்தில் வைக்காமல் எந்த முடிவையும் ஏற்பதில்லை. வெறும் கைட்டோசானும் கூடவே இருக்க வேண்டும். அமிலச் சூழலில் அதுவே கொஞ்சம் கிருமியைக் கொல்லும்.

சரி, வளையம் இல்லையென்றால் தோல்வியா? அப்படியும் இல்லை. கட்டுண்ட மருந்து அகாரில் பரவாது. படலத்தைத் தொட்ட பாக்டீரியாவில் எத்தனை பிழைத்தன என்று எண்ண வேண்டும். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பாக்டீரியாவின் செல் சுவர் உருவாவதைத் தடுப்பது, அதனால் படலத்தோடு இணைக்கும் நீளமான மூலக்கூறுச் சங்கிலியில் தொங்கவிட்டாலும் வேலை செய்ய வாய்ப்பு உண்டு. சிப்ரோஃப்ளாக்சசினோ செல்லுக்குள் போய் டி.என்.ஏ. கைரேஸ் என்ற நொதியைப் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்கு அதற்குத் தேவைப்படுவது அந்தக் கார்பாக்சில் தொகுதிதான். எந்தக் கையால் சண்டை போடுமோ அதே கையை அமைடு பிணைப்பால் கட்டியிருந்தேன். அவிழாத கட்டு அது. காயத்தின் ஈரத்தில் மெல்ல உடையும் எஸ்டர் பிணைப்புக்கு மாறினேன். ஆனால் எவ்வளவு வேகத்தில் உடைகிறது என்று அளக்காவிட்டால் பழைய சொட்டுக் கசிவுக்கே திரும்பிவிடுவோம்.

கிருமிக்கொல்லிப் பொருள் என்று யாராவது கட்டுரை அனுப்பினால், படத்தில் வளையத்தைத் தேடுவதில்லை. எத்தனை நாள் கழுவினார்கள் என்ற வரியைத்தான் முதலில் தேடுகிறேன். பல கட்டுரைகளில் அந்த வரியே இருப்பதில்லை.